மயில் இறகு வைத்த சம்மனசும் எதிர்ச் சுவரும்

கொடைக்கானலுக்கு ஏரி பார்க்கப் போவார்கள், குளிருக்குப் போவார்கள், கல்யாணமான புதிதில் போவார்கள். நான் முதல் தடவை போனது என் தங்கை புருஷன் வரைந்த படத்தில் குற்றம் கண்டுபிடிக்க. அறுபத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். போன மாதம் இந்த வலைப்பூவைப் படிக்கிற ஒருவர் வட்டக்கானல் பக்கம் போய்விட்டு வந்து, "ஐயா, வழியில் ஒரு சின்ன மாதா கோயிலில் மயில் இறகு வைத்த தேவதூதர் இருக்கிறார், பார்த்திருக்கிறீர்களா?" என்று போட்டோ அனுப்பியிருந்தார். பார்த்திருக்கிறேன். அவர் அனுப்பிய ஆறு போட்டோவிலும் எதிர்ச் சுவர் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அப்போது நான் பழனி அடிவாரத்தில் ஒரு படக்கடையில் வேலை பார்த்தேன். யாத்திரை வருகிறவர்கள் வாங்கிப் போகும் முருகன் படங்களைக் கண்ணாடியில் வரைந்து, சட்டம் போட்டு விற்கிற கடை. ஒரு படத்தை ஒருவரே முழுதாக வரைகிற வழக்கம் அங்கே இல்லை. முகம், கை, வேல் மூன்றும் என் பொறுப்பு. மயில் முழுக்க வேலுச்சாமி பொறுப்பு. நான் முடித்துத் தள்ளினால் அவன் இழுத்துக்கொள்வான். வருஷக்கணக்காக அவன் மயிலைத் தவிர எதுவும் வரைந்ததில்லை. நான் மயிலின் ஒரு இறகைக்கூட வரைந்ததில்லை.

அந்த வேலுச்சாமிக்குத்தான் என் தங்கை தனத்தைக் கட்டிக்கொடுத்தோம். அதோடு பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து பெயிண்ட் குழைத்தவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். முதல் இலை அவனுக்கு, நல்ல மீன் துண்டு அவனுக்கு, தீபாவளிக்குக் கரைவேட்டி அவனுக்கு. என்னைவிட மூன்று வயது சின்னவன். அவன் வாசலில் தலையைக் காட்டினால் நான் எழுந்து நின்று "வாங்க மாப்ளே" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அந்த வருஷம் வைகாசியில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கடைக்கு வந்தார். கொடைக்கானலில் தன்னுடைய சின்னக் கோயிலில், பீடத்துக்கு இரண்டு பக்கச் சுவரிலும் சம்மனசு வரைய வேண்டும் என்றார். கத்தோலிக்கர்கள் தேவதூதரைச் சம்மனசு என்பார்கள். மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு, இந்த மயிலை வரைந்தவர் யார் என்று கேட்டார். முகத்தை வரைந்தவர் யார் என்று கேட்கவில்லை. வேலுச்சாமி தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுநாளே மலை ஏறிவிட்டான்.

ஆடியில் திரும்பி வந்தான். அதற்குள் பேச்சு வந்துவிட்டது. மலையிலிருந்து பூண்டு மூட்டை கொண்டுவருகிறவர்கள், பஸ் டிரைவர், தேங்காய்க் கடைக்காரர் எல்லோரும் "ஒங்க மாப்ள போட்ட சம்மனசப் பாத்தீங்களா? என்னா ரெக்க" என்றார்கள். அவன் வீட்டுக்கு வரும்போது "வாங்க மாப்ளே" என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். தனம் மட்டும் விடவில்லை. "அண்ணே, அந்தக் கோயில் சோலி வெசயமா ஒண்ணு சொல்லணும், செத்த உக்காருங்க" என்று ஆரம்பிப்பாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவேன். புருஷன் பெருமையைப் பெண்டாட்டி வாயால் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இதற்கிடையில் இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. சாமியார் ஒரு சுவர் வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாராம். அந்தச் சுவர் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். அதுவும் மாப்பிள்ளை விட்டுக்கொடுத்து வேண்டாம். அவன் வரைந்தது தப்பு, நான் வரைவதுதான் சம்மனசு என்று சாமியார் வாயாலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைப் பார்த்து, வாத்துக்கு இருப்பது போல வெள்ளை இறகு வைத்து ஒரு சம்மனசு வரைந்தேன். அதைச் செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சம்மனசு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே தப்பு எது என்று சொல்ல முடியும்? அதனால் போகிற வழியெல்லாம் விசாரித்தேன். கிளம்புகிற அன்று காலையில் முதலில் கோயில் தூண்களைப் பார்த்தேன். தூண்களின் மேல் மூலையில் கந்தர்வர்களும் வித்யாதரர்களும் பறந்துகொண்டிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான், அன்றைக்குத்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஒருவருக்கும் இறகு இல்லை. ஒரு கால் பின்னால் மடங்கியிருக்கிறது, இடுப்புத் துணி பின்பக்கம் ஓடுகிறது, கையில் மாலை. அவ்வளவுதான், கல் பறக்கிறது. மாலை சாமிக்கு, மடங்கிய கால் வேகத்துக்கு என்று பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார். செய்த சிற்பி மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. இறகு வரையாமலே தப்பித்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது பழனியிலிருந்தே நேராகக் கொடைக்கானலுக்கு மலைப்பாதை இருக்கிறது, நாற்பது மைல்தான். அன்றைக்கு எங்களுக்கு அந்த வசதி இல்லை. காலை ரயிலில் திண்டுக்கல், அங்கிருந்து பஸ்ஸில் வத்தலக்குண்டு, அங்கிருந்து மலை பஸ். சுற்றிச் சுற்றி மொத்தம் எண்பது மைலுக்கு மேல் வரும். ரயிலுக்கு ஒன்றே கால் ரூபாய், மலை பஸ்ஸுக்கு இரண்டே முக்கால் என்று நினைவு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்கள் இப்போது எதுவும் வாங்க முடியாது.

வத்தலக்குண்டில் எங்கள் கடைக்குக் கண்ணாடி அனுப்புகிற காதர் பாய் இருந்தார். மலை பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்ததால் அவர் கடையில் உட்கார்ந்து சுருளைப் பிரித்துக் காட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடி வெட்டுவதைத் தொடர்ந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. எங்கள்ல மலக்குன்னு சொல்லுவோம், அவங்கள வரையவே கூடாதுங்க" என்றார். "ஒளியில படச்சவங்க. ஒளிக்கு நீங்க என்ன கலரு அடிப்பீங்க?"

"ரெக்க உண்டா பாய்?"

"உண்டுங்க. ஜிப்ரீலுக்கு அறுநூறு ரெக்கன்னு சொல்லுவாங்க. வரஞ்சு முடிப்பீங்களா?" சிரித்தார். "பெரிய ஆளுகள விடுங்க. ஒங்க தோள்லயே ரெண்டு பேரு உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காங்க. வலது தோள்ல இருக்கவங்க நல்லத எழுதுவாங்க. எடது தோள்ல இருக்கவங்க கெட்டத எழுதுவாங்க."

அன்றைக்கு என் இடது தோளில் இருந்தவருக்குக் கை வலித்திருக்கும். டீ வந்தது. இவர்களில் தப்புச் செய்தவர் யாரும் இல்லையா என்று கேட்டேன்.

"இப்லீஸ் இருக்கான்ல. அவன் நெருப்புல படச்சவன். மண்ணுல ஆதத்தப் படச்சு, இவருக்குத் தல வணங்குங்கன்னு உத்தரவு வந்துச்சு. மலக்குக எல்லாரும் வணங்குனாங்க. இவன் மட்டும், நெருப்பு போயி மண்ணுக்கு வணங்குறதான்னு நின்னுட்டான். அந்தப் பொறாமையிலதேன் எல்லாம் போச்சு அவனுக்கு."

"வாங்க மாப்ளே" என்று எழுந்து நிற்பது நினைவுக்கு வந்தது. அந்த இப்லீஸ் செய்தது தப்புதான். ஆனால் அவனுக்கு அந்த நேரம் நெஞ்சு எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கிளாவரை என்கிற மலைக் கிராமத்துக்காரர். பூண்டு விற்றுவிட்டுக் காலிச் சாக்குகளை மடியில் மடித்து வைத்திருந்தார். கொடைக்கானலில் இறங்கி, மறுநாள் முழுக்க நடந்துதான் அவர் ஊருக்குப் போக வேண்டுமாம். வழியில் ஒரு அருவிக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இறங்கி நின்றபோது அவரிடமும் கேட்டேன், உங்கள் பக்கம் வானத்திலிருந்து வருகிறவர்கள் யாராவது உண்டா என்று.

"வானத்துல இருந்து இல்லீங்க. சோலைக்குள்ள ஏழு கன்னிமாரு இருக்காக."

"அவுகளுக்கு ரெக்க உண்டா?"

"ரெக்க எதுக்குங்க? ஒரு மரமும் ஆடாது. சுனைக்கிட்ட ஒரே ஒரு எடத்துல மட்டும் புல்லு சாஞ்சு நிமிரும். அங்கன வந்து நிக்கிறாகன்னு அர்த்தம். நாம பேசாம ஒதுங்கிப் போயிரணும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து யோசித்தேன். தூணில் இறகு இல்லை, கன்னிமாருக்கு இறகு இல்லை, மலக்குக்கு அறுநூறு இருந்தும் வரையக் கூடாது. என் மடியில் வாத்து இறகு. அது எனக்குப் பிடிக்காமல் போக ஆரம்பித்தது. இருந்தாலும் மாப்பிள்ளை வரைந்ததைவிடச் சரியாக இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கொடைக்கானலில் இறங்கும்போது சாயங்காலம் நாலரை மணி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஒன்றரை ரூபாய்க்குப் படுக்க இடமும் கம்பளியும் கிடைத்தது. கம்பளி போதவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து வட்டக்கானல் பாதையில் நடந்தேன். இரண்டரை மைல், பாதி ஏற்றம். பேரிக்காய் மரங்களைத் தாண்டி, ஓடு போட்ட சின்னக் கோயில். கோயில்பிள்ளை அந்தோணி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மணி அடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை.

"சம்மனசு பாக்க வந்தீகளா? போங்க, தொறந்துதான் கெடக்கு. எல்லாரும் அதுக்குத்தான் வாராக" என்றார். அந்த "எல்லாரும்" எனக்குத் தேவையில்லாத வார்த்தை.

உள்ளே போனேன். பீடத்துக்கு வலது பக்கச் சுவரில் நின்றது. மாதாவிடம் செய்தி கொண்டுவந்த கபிரியேல் சம்மனசு. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு. தோளிலிருந்து தரை வரைக்கும் விரிந்திருந்த இரண்டு இறகும் மயில் இறகு. ஒவ்வொரு கண்ணும் பச்சையும் நீலமுமாக, நடுவில் பொன் பூச்சோடு, எங்கள் கடை மயில் அப்படியே. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பழனியில் மயில் மட்டும் வரைந்தவனிடம் இறகு கேட்டால், அவன் கை வேறு எங்கே போகும்? கிட்டே போய் மற்றதையும் பார்த்தேன். முகம் சுமார். கையைக் காணவே காணோம். லீலிப்பூக் கொத்தைப் பெரிதாக வரைந்து விரல்களை அதற்குப் பின்னால் ஒளித்துவிட்டான். கை வராதவன் செய்கிற வேலை. வாழ்க்கையில் அன்றைக்குப் போல நான் சந்தோஷப்பட்டது குறைவு.

ஆனால் திரும்பிப் போக முடியவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த இறகு அவ்வளவு நன்றாக இருந்தது. நான் கண்ணை எடுத்தாலும் அது பார்த்துக்கொண்டிருந்தது. பூசைக்கு வந்த ஒரு அம்மாள் தன் கைக்குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். குழந்தை கையை நீட்டியது.

பூசை முடிந்து சாமியார் வந்தார். மதுரைப் பக்கத்தில் தமிழ் பழகியவர், நன்றாகப் பேசினார். நான் யார் என்று சொல்லாமலே ஆரம்பித்தேன்.

"சாமி, இது தப்புங்க. சம்மனசுக்கு வெள்ள ரெக்கதானே இருக்கணும்? இது எங்க முருகனோட மயிலு."

அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. "எங்க நாட்டுல ரொம்பப் பழைய படங்கள்ல கபிரியேலுக்கு மயில் இறகு வச்சிருக்காங்க" என்றார். "மயிலோட சதை அழுகாதுன்னு அந்தக் காலத்துல நம்புனாங்க. அதனால அது சாகாத உயிருக்கு அடையாளம். வேதத்துல ஒடம்பெல்லாம் கண்ணு இருக்கிற சம்மனசுகளும் வருது. எதுவும் அவங்க பார்வைக்குத் தப்பாது. நான் ஒங்க ஊர்க் கடையில அந்த மயிலப் பாத்ததும் எங்க ஊர்ச் சுவர்தான் ஞாபகம் வந்துச்சு."

"இதெல்லாம் வரஞ்சவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு மயில் மட்டுந்தான் வரும் சாமின்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சார்."

பாருங்கள் அநியாயத்தை. தெரியாமல் செய்த தப்பு கடல் தாண்டிப் போய்ச் சரியாகிவிட்டது. நான் வாழ்த்து அட்டையைப் பார்த்துக் கவனமாக வரைந்தது அக்குளில் சுருண்டு கிடக்கிறது. பேச்சை மாற்ற, இன்னொரு சுவர் எங்கே என்று கேட்டேன். அவர் எதிரே காட்டினார். பீடத்துக்கு இடது பக்கம். சுண்ணாம்பு பூசித் தேய்த்து, வெள்ளையாகக் காலியாக இருந்தது.

"மிக்கேல் சம்மனசுக்கு வச்ச எடம். ஒரு கையில தராசு, ஒரு கையில கத்தி, காலடியில சாத்தான். ரெண்டையும் நீங்களே பண்ணுங்கன்னு அவர்ட்ட எவ்வளவோ சொன்னேன். மாட்டேன்னுட்டார். கத்தி புடிக்கிற கை எனக்கு வராது, எங்க மச்சானுக்குத்தான் வரும், அவர் வர்ற வரைக்கும் இத யார்ட்டயும் குடுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டார். வீட்டுல சொல்லி அனுப்புறேன்னாரு. ஒரு மாசமாக் காத்திருக்கேன். அவங்க மச்சான் வரவே இல்ல."

தனம் "செத்த உக்காருங்கண்ணே" என்று சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. சாமியார் பூசைச் சாமான் அறையைத் திறந்து, ஒரு துணிச் சுருளை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். மச்சானுக்கு என்று வேலுச்சாமி விட்டுவிட்டுப் போனது. உள்ளே அவனுடைய கீரிமுடித் தூரிகை இருந்தது. கடையில் ஒரு தடவை கேட்டபோது, தொடக்கூடக் கொடுக்காதது.

எனக்கு நன்றி வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. மயிலில் ஜெயித்தான், சரி. நல்ல குணத்திலும் அவனே முந்திக்கொண்டால் நான் எதில்தான் ஜெயிப்பது? வீம்புக்கு இறங்கிப் போய்விடலாம் என்று வாசல் வரை போனேன். அந்தச் சுவர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. திரும்பி வந்து, "நாந்தான் சாமி அந்த மச்சான்" என்றேன். செய்தித்தாள் சுருளை அந்தோணியிடம் அடுப்பு மூட்டக் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் அங்கேயே தங்கினேன். மயிலுக்கு எதிரே எந்த இறகு வைத்தாலும் தோற்றுப்போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் மிக்கேலுக்கு இறகே வைக்கவில்லை. பழனித் தூணில் இருப்பது போல ஒரு காலைப் பின்னால் மடக்கினேன். கிளாவரைக்காரர் சொன்னதை நினைத்து, காலுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் புல்லைச் சாய்த்தேன். காதர் பாய் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், முதுகுக்குப் பின்னால் சுவரை அப்படியே வெள்ளையாக விட்டேன். கைகளுக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. கத்தியைப் பிடித்த கை, தராசைப் பிடித்த கை, பத்து விரலும் தெரியும்படி வரைந்தேன். எதற்குப் பின்னாலும் ஒளிக்கவில்லை.

கடைசியில் காலடியில் கிடக்கிறவனின் முகம் பாக்கி. அந்தோணியை உட்காரச் சொன்னேன், சாத்தானுக்கா என்று ஓடிவிட்டார். மாப்பிள்ளை முகத்தை வைக்கலாம் என்று இரண்டு நாள் ஆசையாக இருந்தது. எத்தனை தடவை போட்டாலும் அந்த முகத்தில் எரிச்சல் வரவில்லை, அவன் சிரித்துக்கொண்டே கிடந்தான். அழித்துவிட்டுச் சவரக் கண்ணாடியை எடுத்துச் சன்னலில் மாட்டினேன். அரை நாளில் முடிந்தது.

மாதா திருவிழாவுக்கு வேலுச்சாமியும் தனமும் வந்தார்கள். வாசலில் அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்று "வாங்க மாப்ளே" என்றேன். அவன் நேராக இடது பக்கச் சுவருக்குப் போனான். ரொம்ப நேரம் நின்றான்.

"கை நல்லா வந்திருக்கு மச்சான்" என்றான். பிறகு குனிந்து பார்த்து, "கீழ கெடக்குறது யாரு? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கே."

"எங்கண்ணந்தேன்" என்றாள் தனம். "நா ஒங்க பேச்ச எடுத்தா அந்த மூஞ்சியத்தான் வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போவாரு."

அவன் சிரிக்கவில்லை. மேல்துண்டால் அந்த முகத்தில் ஒட்டியிருந்த தூசியை மெதுவாகத் தட்டிவிட்டான். அதையும் நான் மன்னிக்கவில்லை.

வேலுச்சாமி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. என்னைவிட மூன்று வயது சின்னவன், வரிசைப்படி நான்தான் முதலில் போயிருக்க வேண்டும். அங்கேயும் முந்திக்கொண்டு போய் நிஜச் சம்மனசுக்கு என்ன இறகு என்று பார்த்துவிட்டான். தெரிந்தால் சொல்லாமல் இருக்க மாட்டான். கேட்கத்தான் நான் உட்கார்ந்தபாடில்லை. இப்போது உட்காரத் தயார், சொல்ல ஆளில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழனி வழியாக வந்தால் தூண்களில் பறக்கிறவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். வட்டக்கானல் பாதையில் வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது, மழைக்காலத்தில் அட்டை இருக்கும். கோயிலுக்குள் செருப்பு வேண்டாம், பிளாஷ் வேண்டாம். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் போங்கள். கிழக்குச் சன்னல் வழியாக வருகிற வெயில் அப்போது நேராக இடது பக்கச் சுவரில் விழும், கத்தி பிடித்த கையில் நரம்பு தெரியும். பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

மஞ்சு இறங்காத நாளும் உண்டு. அன்றைக்கு மூன்று மணிக்கு மேல் மேற்குச் சன்னல் வெயில் வலது பக்கம், அந்த மயில் இறகுக்குத் திரும்பும். அந்த நேரத்தில் அங்கே நிற்க நேர்ந்தால், சரி, பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுத வேண்டாம்.